ஐந்தாம் இடத்துக்குக் கிடைத்த கைதட்டல்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முடிவுக்கோட்டை முதலில் கடப்பவரும், பந்தயம் முடிந்தபின் ரசிகர்களின் பேச்சில் முதலில் இடம்பெறுபவரும் எல்லா நாளும் ஒருவராகவே இருப்பதில்லை. ஒன்பதாவதாக வந்தவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வென்றவரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிற ரசிகர்கள் இந்த விளையாட்டில் ஏராளம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் பிடிவாதமாகவோ, பிடித்த வீரர் தோற்றதற்கான சமாதானமாகவோ தோன்றக்கூடும். ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் வீரர்களின் ஓட்டத்தைத் தேர்ந்த ரசிகர் எதை வைத்து எடைபோடுகிறார் என்பதைச் சற்றே நுணுகிப் பார்த்தால், அந்தப் பிடிவாதத்துக்குள் ஒரு கணக்கு இருப்பதும், அந்தக் கணக்கு புள்ளிப்பட்டியலைவிடச் சில சமயம் நேர்மையானதாக இருப்பதும் புலப்படும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு விளக்கம். ரோடு ரேஸ் எனப்படும் சாலைப் பந்தயம், மண்மேட்டிலும் சேற்றிலும் தாவிக் குதிக்கும் மோட்டோகிராஸ் பந்தயத்திலிருந்து வேறுபட்டது. தார் அல்லது கான்கிரீட் பரப்பில், பெரும்பாலும் அதற்கென்றே அமைக்கப்பட்ட மூடிய தடத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சுற்றுகளைக் கடந்து முடிப்பது இதன் இலக்கணம். 1907 முதல் நடந்துவரும் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயம் போன்ற சில மட்டுமே இன்றும் உண்மையான பொதுச்சாலையில் நடைபெறுகின்றன. அங்கே ஒரு சுற்று என்பது 60 கி.மீ.க்கும் அதிகம். உலகச் சாம்பியன்ஷிப்பின் உச்ச வகுப்பான மோட்டோஜிபியில் 1000 சிசி வண்டிகள் ஓடுகின்றன. 2023 இல் இத்தாலியின் முஜெல்லோ தடத்தில் தென்னாப்பிரிக்க வீரர் பிராட் பைண்டர் எட்டிய மணிக்கு 366.1 கி.மீ. அந்த வண்டிகளின் வேகத்துக்கு ஒரு சான்று.

திருவண்ணாமலை மாவட்டத்தில் பந்தயத் தடம் எதுவும் கிடையாது. மலையைச் சுற்றிய 14 கி.மீ. கிரிவலப் பாதை பக்தர்களின் காலடிக்கு உரியது. செங்கம் சாலையும் ஜவ்வாது மலைக்கு ஏறும் வளைவுகளும் பேருந்துக்கும் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் உரியவை. பந்தயத்தை நேரில் காண வேண்டுமென்றால் வந்தவாசி வழியாகவோ ஆரணி, செய்யாறு வழியாகவோ காஞ்சிபுரம் கடந்து, சுமார் 150 கி.மீ. தொலைவில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்ல வேண்டும். எனவே இவ்வூர் ரசிகரின் பந்தயம் பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் நடக்கிறது. கோடைகாலத்து ஐரோப்பியப் பந்தயங்கள் இந்திய நேரப்படி பெரும்பாலும் ஞாயிறு மாலை ஐந்தரை மணி அளவில் தொடங்குவதால் அவை வசதியானவை; ஜப்பானின் மொடேகி காலைப் பலகாரத்துக்குப் பின்பு; ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவு அதற்கும் முன்பு; அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பந்தயமோ இங்கே நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். பௌர்ணமி இரவுகளில் விடியும்வரை டீக்கடைகள் திறந்திருக்கும் ஊர் இது என்றாலும், ஆஸ்டின் பந்தயம் பௌர்ணமியைப் பார்த்து நடத்தப்படுவதில்லை என்பதால், அதை மறுநாள் பதிவில் பார்ப்பவர்களே மிகுதி.

மறுநாள் பதிவில் பார்ப்பவருக்கு வென்றவர் யாரென்பது முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதன் காரணத்தைப் புரிந்துகொள்ள இதே மாவட்டத்தின் இன்னொரு கலையை நினைக்கலாம். செய்யாறு வட்டத்துப் புரிசை கிராமம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. துரியோதனன் விடிவதற்குள் விழுவான் என்பதை அறியாத ஒருவரும் அந்தக் கூத்தின் முன் உட்கார்ந்திருப்பதில்லை. அவர்கள் காத்திருப்பது விழுவானா என்பதற்காக அன்று; இந்த வேடக்காரர் எப்படி விழப்போகிறார் என்பதற்காக. பதிவில் பந்தயம் பார்க்கும் ரசிகரின் கவனமும் முடிவை விட்டு விலகி, ஏழாவது சுற்றில் உட்புறமாக நுழைந்த அந்த ஒரு கடத்தல், பதினைந்தாவது சுற்றில் பின்சக்கரம் வழுக்கியும் விழாமல் தப்பிய அந்த ஒரு கணம் ஆகியவற்றில் நிலைகொள்கிறது.

தமிழ்நாட்டில் இந்த ரசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1953 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. ஆண்டுதோறும் நடந்த அந்தப் பந்தயங்களைக் காண மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் கூட்டம் திரண்டது. பைக் பந்தயத்தில் தேசியச் சாம்பியனாக விளங்கிய ஆர். ஏ. அப்துல்லா போன்றோரின் பெயர்கள் அந்தத் தலைமுறைக்கு நன்கு அறிமுகமானவை. அவருடைய மகள் அலிஷா அப்துல்லா பிற்காலத்தில் பைக்கிலும் காரிலும் போட்டியிட்டார். 1990 இல் அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடத்தைத் திறந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், பந்தய வீரரும் வண்டி வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே பின்னர் வந்தது. ஓசூரில் ஆலை அமைத்த டிவிஎஸ், 1982 முதலே தனக்கெனப் பந்தய அணியை வைத்திருக்கிறது. திருவொற்றியூரில் பிறந்த இந்திய என்ஃபீல்டு புல்லட், இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகிறது. பந்தயத் தடமும் வண்டி ஆலையும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த மாநிலம் நாட்டில் வேறில்லை எனலாம்.

ஆனால் ரசிகரின் கண்ணைப் பழக்கியதில் தடங்களைவிட ஊர்தோறும் உள்ள மெக்கானிக் கடைகளுக்கே பங்கு அதிகம் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது. 1985 முதல் பத்தாண்டுக்கு மேல் விற்பனையில் இருந்த யமஹா ஆர்எக்ஸ் 100, இரு வீச்சு எஞ்சின் கொண்டது. அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் சென்றதும் எரிப்புச் சுழற்சி முடிந்துவிடும் வகை. கிளட்ச் விட்டதும் ஒரு கட்டத்துக்குப் பின் திடீரென்று சீறிக் கிளம்பும் அதன் குணத்தைக் கையால் அறிந்தவர்கள், எஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டியின் நிலையைச் சொல்லப் பழகியவர்கள். உலகப் பந்தயங்களிலும் அந்நாளில் 125, 250, 500 சிசி வகுப்புகளில் இரு வீச்சு எஞ்சின்களின் ஆட்சியே நடந்தது. 2002 இல் உச்ச வகுப்பில் நான்கு வீச்சு எஞ்சின்கள் நுழைந்தன. 2011 உடன் 125 சிசி வகுப்பும் முடிவுக்கு வந்தது. அந்த 125 சிசி வகுப்பின் கடைசி ஆண்டில்தான் சென்னையைச் சேர்ந்த எஸ். சரத்குமார், உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். அவர் வெற்றி மேடை ஏறவில்லை. ஆயினும் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே குறுந்தடங்களில் வளர்ந்த ஸ்பானிய, இத்தாலியச் சிறுவர்களோடு, அத்தகைய வளர்ப்பு வசதி எதுவும் இல்லாத நாட்டிலிருந்து சென்று கிரிட்டில், அதாவது பந்தயம் தொடங்கும் வரிசைக் கட்டத்தில், நின்றதே அவரது ஓட்டத்தை அளக்கும் கோலாக இங்கே அமைந்தது.

இனி, ரசிகர் உண்மையில் எதைப் பார்க்கிறார் என்பதற்கு வரலாம். நேர்ப்பாதையில் வேகமாகச் செல்வதைப் பாராட்டுபவர் புதியவர். அங்கே பேசுவது எஞ்சின். வீரர் பேசத் தொடங்குவது பிரேக் பிடிக்கும் இடத்தில். மணிக்கு 300 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்திலிருந்து, சில நொடிகளுக்குள், 100 கி.மீ. அளவுக்கு வண்டியை இறக்கியாக வேண்டும். அதுவரை பெட்ரோல் டேங்க் மீது படுத்திருந்த வீரர் நிமிர்கிறார். மார்பில் மோதும் காற்றையும் ஒரு பிரேக்காகப் பயன்படுத்துகிறார். முன்பக்கச் சஸ்பென்ஷன் அமுங்குகிறது. பின்சக்கரம் தரையை விட்டு மெல்ல எழும்பி இடமும் வலமும் ஆடுகிறது. அந்த நிலையிலேயே ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தொங்கவிடுகிறார். காலைத் தொங்கவிடுவதால் விளையும் பயன் என்ன என்பதில் வீரர்களிடையேகூட ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் அதைச் செய்கிறார்கள். அடுத்தவரைவிட ஐந்து மீட்டர் தாமதமாகப் பிரேக் பிடிப்பவர் அந்த வளைவில் முந்துவார். பத்து மீட்டர் தாமதமாகப் பிடிப்பவர் சரளைக் கற்களுக்குள் போவார். இந்த ஐந்து மீட்டரைக் காணத்தான் அனுபவமுள்ள ரசிகர், முடிவுக்கோட்டுக்கு எதிரே உள்ள இருக்கையை விட்டுவிட்டு, நீண்ட நேர்ப்பாதை முடிகிற வளைவின் அருகே இடம்தேடுகிறார்.

பிரேக்குக்கு அடுத்தது லைன். வளைவுக்குள் வெளிப்புறமாக நுழைந்து, ஏபெக்ஸ் எனப்படும் உட்புற உச்சிப்புள்ளியைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறமாக அகன்று வெளியேறுவதுதான் பொதுவாகக் குறைந்த நேரத்தில் கடக்கும் வழி. எல்லோரும் அந்த ஒரே கோட்டில் போனால் முந்துவது நடக்காது. முந்த விரும்புபவர் அதை விட்டு விலகி, பிடிமானம் குறைந்த பகுதிக்குள் துணிந்து, எதிராளியின் கோட்டில் குறுக்கிட வேண்டும். 60 பாகைக்கும் மேல் சாய்ந்த நிலையில் டயரின் மிகச்சிறிய பரப்பு மட்டுமே தரையில் ஒட்டியிருக்க, முழங்காலில் பொருத்திய பிளாஸ்டிக் தகடும் சில சமயம் முழங்கையும் தரையை உரசுகின்றன. முன்சக்கரம் பிடி விட்டால் வண்டி அடியோடு சறுக்கி வீழும், இது லோசைடு. பின்சக்கரம் வழுக்கிப் பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டால் வீரர் மேல்நோக்கித் தூக்கி எறியப்படுவார். இது ஹைசைடு, முன்னதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. முன்சக்கரம் பிடி விட்ட பின்பும் முழங்காலாலும் முழங்கையாலும் தரையை உந்தி வண்டியை நிமிர்த்திவிடுவதை 'சேவ்' என்பார்கள். ஸ்பெயினின் மார்க் மார்கெஸ் புகழ்பெற்றது வெற்றிகளால் மட்டும் அல்லாமல் இத்தகைய சேவ்களாலும்தான். புள்ளிப்பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை, ரசிகரின் நினைவில் உண்டு.

2023 செப்டம்பர் 22 முதல் 24 வரை, தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்தில் நடந்த இந்தியாவின் முதல் மோட்டோஜிபி பந்தயம் இந்த எடைபோடும் முறையை விளக்க ஏற்ற உதாரணம். 2023 முதல் ஒவ்வொரு வார இறுதியிலும் சனிக்கிழமை பாதித் தூர ஸ்பிரிண்ட் பந்தயமும், ஞாயிற்றுக்கிழமை முழுப் பந்தயமும் நடக்கின்றன. ஸ்பிரிண்டில் முதலிடத்துக்கு 12 புள்ளிகள், முழுப் பந்தயத்தில் 25. இத்தாலியின் மார்கோ பெஸ்ஸெக்கி தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்து, போல் எனப்படும் முன்வரிசை முதலிடத்தைப் பெற்றிருந்தார். ஸ்பிரிண்ட் தொடங்கிய முதல் வளைவிலேயே, அவருடைய அணித் தோழர் லூகா மரினி கட்டுப்பாடு இழந்து அவர்மீது மோதினார். மரினிக்குக் காறை எலும்பு முறிந்தது. பெஸ்ஸெக்கி விழாமல் தப்பினாலும் கூட்டத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். அங்கிருந்து ஒவ்வொருவராகக் கடந்து, குறுகிய அந்தப் பந்தயம் முடிவதற்குள் ஐந்தாம் இடத்துக்கு வந்தார். அன்று வென்றவர் ஸ்பெயினின் ஹோர்ஹே மார்ட்டின்; இரண்டாவது பிரான்செஸ்கோ பக்னாயா; மூன்றாவது மார்கெஸ்.

மறுநாள் முழுப் பந்தயத்தில் பெஸ்ஸெக்கி எட்டு நொடிக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். பல பந்தயங்கள் ஒரு நொடி, இரண்டு நொடி வித்தியாசத்தில் முடியும் வகுப்பில் இது மிகப்பெரிய இடைவெளி. எனினும் இரு நாள்களையும் சேர்த்துப் பார்க்கும் ரசிகருக்கு ஞாயிற்றுக்கிழமை வெற்றியைவிடச் சனிக்கிழமை ஐந்தாம் இடமே வீரரின் தரத்தைக் கூடுதலாகக் காட்டியது என்று சொல்லத் தோன்றினால் அதில் வியப்பில்லை. முன்னால் யாரும் இல்லாத தடத்தில் தன் தாளத்தில் ஓட்டுவது ஒரு திறமை. காற்றைக் கிழித்துச் செல்லும் பதினைந்துக்கும் மேற்பட்ட வண்டிகளின் பின்னால், அவற்றின் வெப்பமும் சுழற்காற்றும் தன் முன் டயரைச் சூடேற்ற, ஒவ்வொருவர் எங்கே பிரேக் பிடிப்பார் என்பதைக் கணித்து முன்னேறுவது வேறொரு திறமை. அத்துடன், பெஸ்ஸெக்கி ஓட்டியது முந்தைய ஆண்டு மாடல் டுகாட்டி. மார்ட்டினிடமும் பக்னாயாவிடமும் இருந்தது அந்த ஆண்டுக்கான புதிய மாடல். இந்த ஒரு தகவல் மதிப்பீட்டில் எவ்வளவு கனம் பெறும் என்பதை மெக்கானிக் கடை வாசலில் நின்று பேசிப் பழகிய எவரும் உடனே புரிந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடம் பிடித்த பிரான்சின் பாபியோ குவார்தராரோவின் ஓட்டமும் அதே தராசில் நிற்கிறது. புத்தா தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான நேர்ப்பாதை இருக்கிறது. அவர் ஓட்டிய அந்த ஆண்டின் யமஹாவுக்கோ நேர்ப்பாதை வேகம்தான் பெருங்குறை. நேர்ப்பாதையில் இழந்ததை வளைவுகளில் மீட்டு, மீண்டும் நேர்ப்பாதையில் இழந்து, அடுத்த சுற்றில் மறுபடியும் மீட்பது என்று ஓட்டி மேடையேறியவர், நல்ல வண்டியில் வந்த மூன்றாம் இடத்தைவிடக் கூடுதல் மதிப்புக்கு உரியவர்.

மார்ட்டினின் இரண்டாம் இடம் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தக்கது. வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருந்ததால் பந்தயம் 24 சுற்றுகளிலிருந்து 21 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. தடித்த தோலுடை, அதற்குள் காற்றுப்பை, தலைக்கவசம், கையுறை, இவற்றோடு வட இந்தியச் செப்டம்பர் பிற்பகலில் எஞ்சின் வெப்பத்தின் மேல் படுத்து ஓட்டுவது எத்தகையது என்பதை அக்னி நட்சத்திரத்தில் ஹெல்மெட் மாட்டி வண்டி ஓட்டிய திருவண்ணாமலைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் மார்ட்டினின் தோலுடையின் ஜிப் திறந்துகொண்டது. திறந்த உடையோடு விழுந்தால் பாதுகாப்பு இல்லை என்பதால் ஓடும் வண்டியிலேயே அதை இழுத்து மூட வேண்டியிருந்தது, அதில் அவர் நேரம் இழந்தார், குவார்தராரோ நெருங்கினார், கடைசிச் சுற்றில் முந்தியும் விட்டார். மார்ட்டின் அதே சுற்றில் மீண்டும் முந்தி இரண்டாம் இடத்தைக் காத்தார். வண்டியை விட்டு இறங்கியதும் உடலில் நீர் வற்றிச் சோர்ந்து விழுந்தார். ஒரு ஜிப்பினால் ஓர் இடம் போகவிருந்தது என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். புள்ளிப்பட்டியலோ 20 புள்ளிகள் என்று மட்டுமே பதிவு செய்தது.

அதே நாளில் இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்த பக்னாயா முன்சக்கரம் வழுக்கி விழுந்து, புள்ளி ஏதுமின்றி வெளியேறினார். மார்கெஸும் தொடக்கத்திலேயே விழுந்தார். ஆனால் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, ஒன்பதாவதாக முடித்தார். இருவர் செய்த பிழையும் ஒரே வகை. ரசிகர் இரண்டையும் ஒரே மாதிரி மன்னிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாம்பியன்ஷிப்பில் முன்னிலையில் இருப்பவர் விழுந்தால் 'என்ன அவசரம்' என்பார்கள்; பின்தங்கிய ஹோண்டாவோடு போராடுபவர் விழுந்தால் 'வண்டி தாங்கவில்லை' என்பார்கள். இங்கே கணக்கு முடிந்து பாசம் தொடங்குகிறது.

பாசத்தின் உச்சத்தைக் காண விரும்புவோர் 46 என்ற எண்ணைப் பார்த்தால் போதும். இத்தாலியின் வாலென்டினோ ரோஸி, தம் தந்தை கிராசியானோ ஓட்டிய வண்டியின் எண்ணான 46 ஐத் தமக்கும் வைத்துக்கொண்டு ஒன்பது உலகப் பட்டங்கள் வென்றவர். 2021 நவம்பரில் வலென்சியாவில் அவர் ஓய்வு பெற்று ஆண்டுகள் சென்ற பின்பும், தமிழ்நாட்டின் சிற்றூர்ச் சாலைகளில் செல்லும் பல்சர்களிலும் ஆர்15களிலும் அந்த மஞ்சள் எண்ணைக் காணலாம். பந்தயத்தையே பார்த்திராதவர்களும் ஒட்டியிருக்கிறார்கள். ரோஸி ரசிகர்களின் நினைவில் ஆறாத வடுவாக நிற்பது 2015. மலேசியாவின் செபாங் தடத்தில் மார்கெஸோடு நடந்த மோதலில் மார்கெஸ் விழுந்தார். ரோஸிக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, வலென்சியாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் அவர் வரிசையின் கடைசியிலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று. அங்கிருந்து நான்காம் இடம்வரை வந்தார். பட்டமோ ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஹோர்ஹே லோரென்சோவுக்குப் போனது. இரண்டாவதாக வந்த மார்கெஸ், முன்னால் சென்ற லோரென்சோவை முந்த மனமார முயலவில்லை என்ற குற்றச்சாட்டு அன்று எழுந்தது. மார்கெஸ் அதை மறுத்தார். ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவு இன்றும் ஆறவில்லை. 2020 ஜூலையில் ஹெரெஸ் தடத்தில் மார்கெஸ் தடம் விலகிப் பதினாறாம் இடத்துக்குப் போய், அங்கிருந்து மூன்றாம் இடம்வரை பறந்து வந்து, விழுந்து கையை முறித்துக்கொண்டபோதும், பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2025 இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றபோதும், மஞ்சள் கொடிக்காரர்களில் பலருக்குக் கை தட்ட மனம் வரவில்லை. ஓட்டத்தைப் பார்க்கும் கண்ணும் ஆளைப் பார்க்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருப்பதால் வரும் தொல்லை இது.

உள்நாட்டுப் பந்தயங்களில் அளவுகோல் மறுபடியும் மாறுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசியச் சாம்பியன்ஷிப்பில் 165 சிசி போன்ற சிறிய வகுப்புகளே ரசிகர்களுக்கு நெருக்கமானவை. ஏனெனில் அங்கே ஓடும் வண்டியின் உடன்பிறப்பு அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஒன்-மேக் எனப்படும் ஒரே மாடல் பந்தயங்களில் எல்லோரிடமும் ஒரே வண்டி என்பதால் சாக்குச் சொல்ல வழியில்லை. சிறிய எஞ்சினில் வேகம் குறைவு என்பதால் யாரும் தனித்துப் பிரிந்து போக முடியாது. முன்னால் செல்பவரின் பின்னே காற்றழுத்தம் குறைந்த பகுதியில் ஒட்டிக்கொண்டு வேகம் கூட்டும் ஸ்லிப்ஸ்ட்ரீம் உத்தியால் ஆறேழு பேர் ஒரே கொத்தாக முடிவுக்கோட்டை நோக்கி வருவார்கள். அந்தக் கொத்தில் கடைசி வளைவில் முதலாவதாக இருப்பது பெரும்பாலும் நட்டம், இரண்டாவதாக இருப்பது லாபம் என்பதை அறிந்து, வேண்டுமென்றே ஓர் இடம் விட்டுக்கொடுக்கும் வீரரை அடையாளம் காண்பது தேர்ந்த ரசிகருக்குத் தனி இன்பம். ஜெகன் குமார், ரஜினி கிருஷ்ணன் போன்ற சென்னை வீரர்கள் பலமுறை தேசியப் பட்டம் வென்றது இத்தகைய நெருக்கடியான ஓட்டங்களில் தேர்ந்துதான். பெண்களுக்கான பந்தயங்களில் பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸேயும் சென்னையின் ஆன் ஜெனிபரும் முன்னணியில் நின்றார்கள். 2019 இல் ஆசிய ரோடு ரேசிங் சாம்பியன்ஷிப்பில் 250 சிசி வகுப்பில் ராஜீவ் சேது, செந்தில்குமார் என்னும் இரு தமிழ் வீரர்களைக் கொண்டு ஹோண்டாவின் இந்திய அணி களமிறங்கியது. அந்த வகுப்பில் முதல் பதினைந்து பேருக்கே புள்ளிகள். ராஜீவ் சேது புள்ளி ஈட்டியபோது இங்கே எழுந்த மகிழ்ச்சி, உலக அரங்கில் வேறொரு நாட்டவர் பெற்ற வெற்றிக்கு எழுவதைவிடக் குறைந்ததன்று.

வீட்டு வாசலில் நிற்கும் வண்டியும் தடத்தில் ஓடும் வண்டியும் உடன்பிறப்புகளாக இருப்பதில் ஒரு கேடும் உண்டு. திரையில் கண்ட சாய்வைச் செங்கம் சாலையில் செய்து பார்க்கும் இளைஞருக்குத் தடத்தின் எந்தப் பாதுகாப்பும் இல்லை: எதிரே வண்டி வராது என்ற உறுதி, வேகத்தை விழுங்கும் சரளைப் பரப்பு, கொடி காட்டும் பணியாளர், ஓரத்திலேயே நிற்கும் ஆம்புலன்ஸ் ஆகிய எதுவும் அங்கில்லை. பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவின்படி குற்றம்; 2019 திருத்தத்துக்குப் பின் முதல்முறைக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம், மறுமுறைக்கு அவை கூடும். வீலிங் செய்பவரைப் பந்தய ரசிகர் என்று ஊரார் குறிப்பிடும்போது உண்மையான ரசிகர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பந்தயத்தில் முன்சக்கரம் தூக்குவது நேர இழப்பு, அதைத் தடுக்கவே மின்னணுக் கட்டுப்பாடுகள் பொருத்தப்படுகின்றன.

பாதுகாப்புகள் அத்தனையும் இருக்கும் தடத்திலும் மரணம் நிகழ்கிறது. 2011 அக்டோபர் 23 அன்று செபாங்கில் இத்தாலியின் மார்கோ சிமோன்செல்லி உயிரிழந்தார். 2023 ஆகஸ்டு 5 அன்று, இந்தியா முதல் மோட்டோஜிபிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாள்களில், இருங்காட்டுக்கோட்டையில் நடந்த புதுமுக வீரர்களுக்கான பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர் விழுந்து இறந்தார்; அந்த வார இறுதியின் எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. 2018 முதல் உலகச் சாம்பியன்ஷிப் வீரர்களின் உடைக்குள் காற்றுப்பை கட்டாயம். ஆனால் விழுந்தவர்மீது பின்னால் வரும் வண்டி ஏறுவதைத் தடுக்கும் கருவி எதுவும் இதுவரை கிடையாது. செங்கொடி காட்டப்பட்டுப் பந்தயம் நிறுத்தப்படும்போது நேரடி ஒளிபரப்பில் ஒரு மரபு பின்பற்றப்படுகிறது: வீரரின் நிலை தெரியும்வரை விபத்துக் காட்சி மறுபடி காட்டப்படுவதில்லை. எனவே மறு ஒளிபரப்பு வந்துவிட்டால் ஆள் பிழைத்துவிட்டார் என்று ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள். வரத் தாமதமானால் யாரும் பேசமாட்டார்கள். எந்த அணிக்காரர் என்ற பேதம் அப்போது மட்டும் எழுவதில்லை.

தற்போதைய ரசிகரின் முதன்மையான மனக்குறை வேறு திசையில் இருக்கிறது. கடந்த பத்தாண்டில் வண்டிகளின் முகப்பிலும் பக்கவாட்டிலும் முளைத்த இறக்கைகள் காற்றைக்கொண்டு வண்டியைத் தரையோடு அழுத்துகின்றன; ஆனால் பின்னால் வருபவருக்குக் கலங்கிய காற்றையே அனுப்புகின்றன. அந்தக் காற்றில் அவருடைய முன் டயர் சூடேறி உள்ளழுத்தம் கூடிவிடுவதால், நெருங்கி வந்தும் முந்த முடியாமல் திணறுகிறார். புறப்படும்போதும் வளைவை விட்டு வெளியேறும்போதும் வண்டியைத் தாழ்த்தும் கருவிகள், முன்பு வீரரின் கையும் உடலும் செய்த வேலையில் பாதியைத் தாமே எடுத்துக்கொண்டன. முதல் சுற்றில் அமைந்த வரிசையே கடைசிவரை நீடிக்கும் பந்தயங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் இதை நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். 2027 முதல் எஞ்சின் கொள்ளளவு 850 சிசியாகக் குறைகிறது. தாழ்த்தும் கருவிகளுக்கு முழுத் தடை. இறக்கைகளின் அளவு சுருங்குகிறது. பெட்ரோல் டேங்க் 22 லிட்டரிலிருந்து 20 ஆகிறது. டயர் வழங்கும் நிறுவனம் மிஷெலினிலிருந்து பிரெல்லிக்கு மாறுகிறது. உச்ச வேகம் சற்றுக் குறையும் என்பது இதன் நோக்கங்களில் ஒன்று. அதைக் கேட்டு வருந்தும் ரசிகர்கள் குறைவாகவே இருப்பார்கள்; பிரேக் பிடிக்கும் இடத்தில் அந்த ஐந்து மீட்டர் மறுபடி வீரரின் கைக்குத் திரும்புமா, கடைசி வரிசையிலிருந்து ஐந்தாம் இடத்துக்கு வர மீண்டும் வழி திறக்குமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.